எம்.சி. கழுதையும் மூன்றாம் சரணமும்

1

என் தம்பி யூட்டின் முதல் சீடி வெளிவந்து இருபத்தைந்து வருடம் நிறைந்ததை ஒரு கேக் வெட்டிக் கொண்டாடினோம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, புட்டு, கோழிக்கறி, நடுவில் கேக். அதன் மேல் கழுதைப் படம் போடச் சொல்லியிருந்தேன். கடைக்காரப் பெண் கழுதைதானா என்று திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, கடைசியில் பயந்துபோய்க் குதிரையைப் போட்டு அனுப்பிவிட்டாள். யூட் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலமும் உழைத்ததற்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்றான்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். என் தம்பி ராப் பாடகன். மேடைப் பெயர் எம்.சி. கழுதை. கழுதைக்குப் பேர்போன மன்னாரில் இருந்து கொழும்புக்குப் படிக்கப்போன எங்களிடம், கழுதையிலா வந்து இறங்கினீர்கள் என்று கேட்காத ஆளில்லை. மற்றவர்கள் சிரித்துச் சமாளித்தோம். இவன் அந்தப் பகிடியை எடுத்துப் பெயராகவே மாட்டிக்கொண்டான். பகலில் பாடசாலை பஸ் ஓட்டுகிறான். எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் இருக்கிறான். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், பாட்டெழுதவே நேரம் போதவில்லை என்பான். அவனுக்கு நாற்பத்தேழு வயது.

கேக்கை வெட்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அதன் பிறகு என் மகள் மெலனி வாயைத் திறந்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவளும் நண்பர்களும் உலகத்தில் உள்ள ராப் பாடகர்களை எல்லாம் தரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தமிழில் பாடுகிறவர்களுக்குத் தனி வரிசை. நாற்பதுக்குப் பிறகு ராப் பாடுகிறவர்கள், முன்பு தாங்கள் எவ்வளவு நன்றாகப் பாடினோம் என்பதைப் பற்றித்தான் பாடுகிறார்கள் என்பது அவளுடைய கட்சி. இவர், அதாவது என் மனுசன், உடனே கிரிக்கெட்டை இழுத்தார். கால் நூற்றாண்டு ஆடுகளத்தில் நிற்பதே பெரிய விஷயம், ஓட்டம் வருவது வராதது இரண்டாம் பட்சம் என்றார். அவுட் ஆனது தெரியாமல் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள் மகள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, கிரேட் எண்டா எவ்வளவு காலம் நிண்டது மட்டும் இல்ல. எப்ப போனது எண்டும் இருக்கு."

மூன்றாவது ஆல்பத்தோடு நிறுத்தியிருந்தால் அவன் முதல் ஐந்துக்குள் வந்திருப்பானாம். இப்போது பதினொன்றாம் இடமாம். யூட் மற்ற எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன், இந்த இடத்தில் கரண்டியை வைத்துவிட்டுப் பத்தாவது ஆர் என்று கேட்டான்.

பத்தாவது டி-லக்ஸ். மன்னார் டவுன் பொடியன், இயற்பெயர் டிலக்சன், இருபத்திரண்டு வயது. மொட்டை மாடியில் நின்று பாடிப் பாடி இணையத்தில் ஏற்றுகிறான். அவனுடைய வேகத்துக்கு எழுத்தில் வரிகள் ஓடினால்கூட வாசிக்க முடியாது. போதாததற்கு ஒரு பாட்டில் 'ஓய்வுபெற்ற கழுதை' என்று யாரையோ சீண்டியும் இருந்தான். யாரை என்று விசாரிக்கத் தேவையில்லை, மன்னாரில் ராப் பாடும் கழுதை ஒன்றுதான்.

ஓகஸ்ட்டில் எங்கள் ஊர்க் கோயில் திருநாள். கலைநிகழ்ச்சிக்கு விழாக்குழு யூட்டையும் அந்தப் பொடியனையும் ஒரே மேடையில் போட்டிருந்தது. யூட் கேக்கில் இருந்த குதிரையின் தலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"சரி. ஊரில 'பாஸ்' பாட்டின்ர மூண்டாம் சரணத்தை மூச்சு விடாமல் முடிக்கிறன். முடிக்காட்டி மைக்கை வைக்கிறன்."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கடைசியாக அவன் ஏறிய இரண்டு மேடைகளிலும் அந்தச் சரணத்தில் மூச்சு உடைந்தது என்று குசினிக்குள் வைத்து எனக்கு மட்டும் சொல்லியிருந்தான். இந்த வீட்டில் அது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

2

அந்தப் பாட்டைப் பற்றி. யுத்த காலத்தில் மன்னார்த் தீவை விட்டுக் கொழும்புப் பக்கம் போவதென்றால், கிராம விதானை, அரசாங்கக் கச்சேரி, ஆமி காம்ப் என்று அலைந்து பயண பாஸ் எடுக்க வேண்டும். வரிசையில் நின்றவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. நிற்காதவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் பகிடியாகத்தான் இருக்கும். யூட் அதைப் பகிடியாகவே எழுதினான்.

விதானையிட்டப் போனன், நாளைக்கு வா எண்டார்,
கச்சேரிக்குப் போனன், நாளைக்கு வா எண்டார்,
காம்புக்குப் போனன், நாளைக்கு வா எண்டார்,
நாளைக்குப் போனன், நேற்றெல்லோ வந்திருக்கோணும் எண்டார்.

இது முதல் சரணம். மூன்றாம் சரணம் பஸ் பயணம். தீவு தாண்டியதில் இருந்து பஸ்ஸை எங்கெங்கே மறித்தார்கள், இறக்கி என்னென்ன செய்யச் சொன்னார்கள் என்று வரிசையாக ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். கனடாவுக்கு வந்த புதிதில் எழுதியது. அப்போது அவனுக்கும் இருபத்திரண்டு வயது. அந்த வயது நெஞ்சுக்கு அளவெடுத்துத் தைத்த சரணம். இப்போது நெஞ்சு வேறு, வயிறும் கொஞ்சம் முன்னுக்கு வந்துவிட்டது.

மாற்றி எழுது, நடுவில் ஒரு இடம் விடு என்று சொல்லிப் பார்த்தேன். மறிப்பில் இறங்கினவர்களுக்கு நடுவில் யாரும் இடம் விட்டார்களா என்று கேட்டான். அவன் நியாயம் கதைக்கத் தொடங்கினால் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது.

3

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். காலைக் கஞ்சியோடு நாள் தொடங்கும். அங்கே யன்னலோர மேசையில் இரண்டு பேர் நாள்தோறும் இதே வழக்கைத்தான் வாதாடுவார்கள். ஒருவர் இத்தாலியப் பெண்மணி. அவருடைய இளமைக்காலப் பாடகர் குரல் நன்றாக இருக்கும்போதே இறந்துவிட்டாராம், அதுதான் அழகு என்பார். எதிரில் இருப்பவர் ஜமேக்காக்காரர். அவருடைய பாடகர் இன்னும் சக்கர நாற்காலியில் வந்து பாடுகிறாராம். பாதிப் பாட்டில் நித்திரையாகிவிடுவதுதான் குறை, எழும்பினால் விட்ட இடத்தில் இருந்து சரியாக எடுப்பார் என்று பெருமைப்படுவார். பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொடுத்தபடி நான் இருவருக்கும் தலையாட்டுவேன். இந்த நாட்டில் வேலையில் நிலைக்க வேண்டுமென்றால் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தலையாட்டலைத்தான்.

ஒருநாள் வாய் தவறி என் தம்பியும் பாடகன் என்று சொல்லிவிட்டேன். அவனால் இன்னும் முடிகிறதா என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். முடியும் என்றேன். கேள்வி முடிய முன்பே சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு யூட் வீடு வாங்கவில்லை, குடும்பம் ஆகவில்லை, பட்டம் வாங்கவில்லை. அவன் தனக்கென்று செய்த ஒரே காரியம் அந்தப் பாட்டுகள்தான். அதையும் வைத்துவிட்டால் அந்த பேஸ்மென்ற்றில் மிச்சம் இருக்கப்போவது ஒரு பஸ் டிரைவரும் ஒரு கட்டிலும்தான்.

4

ஓகஸ்ட்டில் நால்வருமாக ஊருக்குப் போனோம். மெலனி போன அன்றே பங்குச் சுவாமியிடம் "ஃபாதர், நீ சாப்பிட்டியா" என்று கேட்டு என் மானத்தை வாங்கினாள். சுவாமி நல்ல மனுசன். இவ்வளவு உரிமையோடு என்னை யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார்.

விழாக்குழுத் தலைவர் சவிரியான் அண்ணன். பேசாலைப் பக்கம் மீனுக்கு ஐஸ் கொடுப்பது தொழில். கூத்தில் ஒரு காலத்தில் இரண்டாம் ராசா. எங்கள் கூத்தில் ஒரு ராசாவை ஒரே ஆள் கடைசிவரை ஆடுவதில்லை. முதல் ராசா களைத்ததும் இரண்டாம் ராசா வந்து முடியை வாங்குவார். எந்த ராசா திறம் என்று திருநாள் முடிந்து மாதக்கணக்காகச் சண்டை நடக்கும். மெலனியின் தரவரிசையைக் கேட்டதும் சவிரியான் அண்ணன் புத்தம் புதிய விஷயம் என்று வியக்கவில்லை. உங்களுக்குப் பதினொரு பேர்தானா என்று இரக்கப்பட்டார்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுக்க அவரும் யூட்டும் நானும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். முதல் இடத்தில் நாளைக்கு வரச் சொன்னார்கள். அடுத்த இடத்திலும் நாளைக்கு. எனக்குக் கோபம் வந்தது. யூட்டின் முகமோ திருநாள் போல மலர்ந்திருந்தது.

"அக்கா, என்ர பாட்டு இன்னும் பழசாகேல்ல" என்றான்.

நாளைக்குப் போனோம். என்ன நிகழ்ச்சி என்று கேட்டார்கள். ராப் என்றோம். அப்படி ஒன்று இல்லை, கூத்து, பேச்சு, இன்னிசை மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் மேசையில் இருந்தவர். யூட் யோசிக்கத் தொடங்கினான். சவிரியான் அண்ணன் வெயிலில் நின்று களைத்திருந்தார். கூத்தென்று போடுங்கோ என்று சொல்லிவிட்டார். அவருடைய கணக்கில் அத்தோடு அது கூத்தாகவே ஆகிவிட்டது என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

5

பின்னேரப் பூசை முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே மேடை தொடங்கியது. கோயில் முற்றம் நிறையப் பிளாஸ்ரிக் கதிரைகள். டிலக்சன் முதலில் வந்தான். ஒல்லியான பொடியன், நல்ல வடிவு. தொடங்கியதும் எனக்கு மூச்சு முட்டியது. அப்படி ஒரு வேகம். மெலனி கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையின் ஓரத்தில் சவிரியான் அண்ணன் இன்னொரு மைக்கோடு நின்றார். எங்கள் பக்கத்தில் யாரும் தனியே பாடுவதில்லை. முன்னுக்கு நிற்பவர் ஒரு வரி பாடினால், பின்னுக்கு நிற்பவர்கள் அதைத் திருப்பி எடுப்பார்கள். அதற்குப் பெயர் பிற்பாட்டு. முன்னுக்கு நிற்பவருக்கு மூச்சு வரும், சனத்துக்குச் சொல் விளங்கும். சவிரியான் அண்ணன் டிலக்சனின் வரியை எடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் அவன் மூன்று வரி தாண்டிவிட்டான். மூடினார். மறுபடி திறந்தார். கடைசிவரை அவருக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. பாட்டு முடிந்ததும் சனம், வரவேற்புரைக்குத் தட்டுவதுபோல மரியாதையாகத் தட்டியது.

பிறகு யூட். முதல் வரியை அவன் பாடி முடித்ததும் "நாளைக்கு வா எண்டார்" என்று சவிரியான் அண்ணன் எடுத்தார். யூட் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது வரிக்கு முன்வரிசைக் கதிரைகளும் சேர்ந்து எடுத்தன. பின்னால் ஓடிக்கொண்டிருந்த இசை ஒரு பக்கம் போக, சனம் இன்னொரு பக்கம் போனது. மெலனி தலையில் கைவைத்தாள். இது தாளமே இல்லை என்றாள்.

மூன்றாம் சரணம் வந்தது. தள்ளாடியில் இறங்கு, உயிலங்குளத்தில் வரிசையில் நில், முருங்கனில் பையைத் திற. அந்த இடத்தில் அவனுடைய மூச்சு உடைந்தது. எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. தோள் இரண்டும் மேலே ஏறி அப்படியே நின்றன. மைக் வாயில் இருந்தது, சத்தம் இல்லை. இசை மட்டும் ஓடியது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். டிலக்சன் மேடைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சவிரியான் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. பழக்கத்தில் "முருங்கனில் பையைத் திற" என்று திருப்பி எடுத்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்து நின்றார். வரி வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மனுசி பொறுக்க முடியாமல் "மடு றோட்" என்று எடுத்துக் கொடுத்தார். உடனே முற்றம் முழுவதும் மடு றோட்டில் இறங்கியது. அடுத்தது செட்டிகுளம் என்றது ஒரு பக்கம். செட்டிகுளத்தில் இறக்கவில்லை, ஏறி வந்துதான் பார்த்தார்கள் என்றது மறுபக்கம். நடுச் சரணத்தில் நின்று சண்டை. ஒருவர் எழும்பி, தன்னுடைய சூட்கேசை அங்கேதான் கிழித்தார்கள் என்று சத்தியம் பண்ணினார். இசை முடிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மதவாச்சி தாண்டி, ஒவ்வொரு மறிப்பாகச் சொல்லிச் சொல்லி, கொழும்புக் கோட்டை ஸ்ரேசன் வரைக்கும் பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

யூட் மேடை நடுவில் மைக்கைக் கீழே தொங்கவிட்டபடி அழுதுகொண்டு சிரித்தான். நானும் அழுதேன். மறைக்கவில்லை.

அவன் இறங்கி வந்தபோது டிலக்சன் கிட்டப் போனான். சீண்டிய திமிர் ஒன்றும் அந்த முகத்தில் இல்லை.

"அண்ணை, என்ர பாட்டை ஒருத்தரும் எடுக்கேல்லையே."

"நீ இடம் விடேல்லையே, தம்பி."

6

சவிரியான் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், வானுக்குள் விசாரணை. இவர் வெற்றி என்றார். சனம் எழும்பி நின்ற பிறகு வேறென்ன வேண்டும் என்றார். சவிரியான் அண்ணனுக்கு என்ன பிரச்சினை என்றே விளங்கவில்லை. ஒருவன் தனியே நின்று பாட்டுப் படிக்கும்போது பின்னுக்கு எடுக்காமல் விடுவது மரியாதையில்லை, அவ்வளவுதான் என்றார். கூத்தென்றுதானே பதிந்தது என்றும் கேட்டார்.

மெலனி மட்டும் அசையவில்லை. மாமா முடிக்கவில்லை, ஊர்தான் முடித்தது என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. அதுதான் கோபமாக இருந்தது.

யூட் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பிள்ளை சொல்வதுதான் சரி என்றான். மறுநாள் கனடாவில் இருந்து கொண்டுபோன தன்னுடைய மைக்கைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டான். அந்த விலைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். இப்போது அந்த மைக்கில்தான் சவிரியான் அண்ணன் காணாமற்போன செருப்புகளை அறிவிக்கிறார்.

7

பாடுகிற ராப் பாடகனோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம். நிறுத்திவிட்ட ராப் பாடகனோடு இருப்பது அதைவிடக் கஷ்டம். யூட் என் சமையலில் கைவைத்தான். சொதிக்குப் பால் எப்போது விடுவது என்று எனக்கே பாடம் எடுத்தான். மல்லிச் செடி வைத்தான், அது பட்டுப்போனது. அவனுடைய பஸ்ஸில் வருகிற பிள்ளைகள், டிரைவருக்குச் சுகமில்லையா என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் கீழே இருந்து சத்தம் வந்தால் நான் காலால் நிலத்தைத் தட்டுவேன். இப்போது அந்த அமைதியைக் கேட்டபடி மேலே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

மெலனி திருநாள் வீடியோவை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் தானே திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒருநாள் என்னிடம் வந்து, முருங்கனில் பையைத் திறந்து என்ன தேடினார்கள் என்று கேட்டாள். பற்றரி, சவர்க்காரம், கூடுதலான மருந்து என்று சொல்லத் தொடங்கினேன். மாமாவின் சின்ன ரேடியோவை அங்கேதான் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொன்னேன். அவள் ஊரைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தரம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று பயமாகவும் இருந்தது. அவளாகவே நிறுத்தச் சொல்லும்வரை சொன்னேன். அவள் சொல்லவில்லை.

போன மாதம் டிலக்சன் ஒரு பாட்டு அனுப்பினான். வேகம் அதே வேகம்தான், ஆனால் வரிக்கு வரி கடைசியில் ஒரு இடம் விட்டிருந்தான். அந்த இடத்தில் கடைசி இரண்டு சொல்லை மட்டும் திருப்பி எடுத்துத் தாருங்கள் அண்ணை என்று கேட்டிருந்தான். யூட் முடியாது என்றான். வைத்த மைக்கை எடுக்கிற பழக்கம் தன்னிடம் இல்லை என்றான். வாங்கிக்கொண்டு வந்த மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் நுழைந்தான். மெலனி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, நீங்கள் பெஸ்ட் எண்டு நான் இன்னும் சொல்லேல்ல. ஆனா அவன் தனிய நிண்டு படிக்கிறான். எடுக்காமல் விடுறது மரியாதையில்ல."

 யூட் பையை என் கையில் தந்துவிட்டுக் கீழே இறங்கினான். மெலனி தன்னுடைய மைக்கோடு பின்னால் போனாள்.

நானும் இவரும் மேலே நின்று காது கொடுத்தோம். முதலில் இரண்டு சொல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நான்கு சொல் ஆனது. பிறகு ஒரு முழு வரி. அதன் பிறகு அவன் நிற்கவில்லை. நடுநடுவே மூச்சு வாங்கினான், வாங்குகிற நேரங்களில் மெலனி தன்னுடைய உடைந்த தமிழில் பின்னுக்கு எடுத்தாள். நான் கையில் இருந்த வெண்டிக்காயை அப்படியே மேசையில் கொட்டிவிட்டு நின்று கேட்டேன்.

அனுப்பிய மறுநாள் டிலக்சனிடம் இருந்து குரல் பதிவு வந்தது. நல்லாயிருக்கு அண்ணை, மிக்க நன்றி என்று பணிவாகத் தொடங்கினான். ஒரு சின்னச் சந்தேகம், நான் பாடின பகுதியைக் காணவில்லையே, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று முடித்தான். நான் யூட்டைப் பார்த்தேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"பாவம் பொடியன் அக்கா, கனக்கப் பாடிக் களைச்சுப்போனான். மூச்செடுக்க விட்டனான்."